ஏலத்தில் எடுத்த விளாம்பழம்

பத்தாவதோடு நின்றவன் நான். ஷூ கம்பெனியில் பசை ஒட்டுகிற வேலை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்பூரில் எங்கள் நகர்ப் பூங்கா மண்ணில் தோல் பதனிடுகிற பழைய ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் ஊறி, வெயில் காலத்தில் உப்புப் பூத்துக் கிடக்கும். அங்கே வீட்டுக்கு ஒரு கன்று வைக்கலாம் என்று முடிவானபோது எல்லோரும் மா, கொய்யா என்று வைத்தார்கள். நான் அணைக்கட்டு ஊரிலிருந்து விளாங்கன்று கொண்டுவந்து வைத்தேன். மற்றதெல்லாம் கருகிப் போயிற்று. விளா மட்டும் முள்ளும் இலையுமாக நிமிர்ந்தது. வேலைக்குப் போகும் முன் விடியலிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவேன். ஒருவரும் பார்த்ததில்லை.

கன்று இடுப்பளவு வந்த பிறகுதான் பூங்காவுக்கு எதிர் வீட்டில் டீச்சர் குடிவந்தார்கள். சாயங்காலங்களில் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். வேலி கட்டினார்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்த மண்ணையும் தாங்கி வளர்கிற மரம் இது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது 'டீச்சர் மரம்' ஆகிவிட்டது. வைத்தது யார் என்று தெருவுக்கே மறந்துபோயிற்று. டீச்சர் நல்லவர்கள். அதனாலேயே எனக்கு எரிச்சல் ஜாஸ்தி.

இந்த வருடம் மரம் காய்த்தது. அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து, சர்ச் வாசலில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். பூசணி, சேவல், வாழைத்தார் எல்லாம் போன பிறகு ஏலம் விடுபவர் ஒரு விளாம்பழத்தைத் தூக்கிக் காட்டினார்.

"டீச்சரம்மா வளர்த்த மரம்! மொதல் பழம்! யாரு கேக்கறீங்க?"

"நான் கேக்கறேன்" என்று கத்திவிட்டேன்.

"அட, அண்ணன் வாயத் தொறந்துட்டாரு! இன்னிக்கு மழதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். மளிகைக்கடைக்காரர் ஏற்றிக் கேட்டார். நான் அதற்கு மேல் ஏற்றினேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாங்க இது, ஒரு பழத்துக்கா?"

"வுடு. நான் வெச்ச மரம்."

"அத என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அங்க சொல்லுங்க."

பழம் எனக்கே விழுந்தது.

"டீச்சரம்மா கைராசி மேல அவ்ளோ நம்பிக்கையாண்ணா?" என்றார் ஏலம் விட்டவர்.

கூட்டமே என்னைப் பார்த்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"ஆமாங்க" என்றேன்.

டீச்சர் பக்கத்தில் வந்தார்கள். "கேட்டிருந்தா நானே பறிச்சுக் குடுத்திருப்பேனே, அண்ணா" என்றார்கள்.

என் மரத்துப் பழத்தை எனக்குக் கொடுத்திருப்பார்களாம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மனைவி பழத்தை வெல்லம் போட்டுப் பிசைந்து மதியச் சாப்பாட்டோடு வைத்திருந்தாள். கம்பெனியில் யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன்.