எச்சில் பட்ட சென்சார்

எலக்ட்ரீஷியன் அக்காவை அந்த ஃபேக்டரியில் நான் முதலில் பார்த்த அன்றே, சூப்பர்வைசர் அவர் வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார். கிரேன் சுவரில் மோதாமலிருக்க, தூரம் அளக்கும் லேசர் சென்சாரைக் காலையில் மாட்டி நெட்வொர்க்கில் இணைத்தவர் அக்காதான். மதியம் அளவு தாறுமாறாக ஓடியது.

“நீ போட்ட செட்டிங்தான் தப்பு. நாளைலேருந்து வராதே,” என்றார் சூப்பர்வைசர்.

அக்கா லேப்டாப்பில் பார்த்தார். செட்டிங் எல்லாம் சரி; சென்சாருக்குத் திரும்பி வரும் ஒளி மட்டும் பாதியாகக் குறைந்திருந்தது. ஏணியில் ஏறினார். சென்சார் கண்ணாடியில் காய்ந்த எச்சில், நடுவே விரல் ரேகை.

“தூசியா இருந்துச்சு, நான்தான் துடைச்சேன்,” என்றார் சூப்பர்வைசர்.

“எச்சில் தொட்டா சார்? வீட்டுல தட்டும் இப்படித்தானா?”

அக்கா சுத்தமான துணியால் துடைத்ததும் அளவு சரியானது.

அக்கா இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். சூப்பர்வைசர் நீட்டும் பேனாவை மட்டும் தொடுவதில்லை.