ஸ்கார்விக் என்ற கப்பல்

வால்டர் ஓல்சனுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடவேண்டும். மற்றவர்கள் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து எண்ணுவார்கள். இவர் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் எண்ணுவார். வீட்டில் சாப்பிடும்போதும் பாதியில் எழுந்து வாசல்வரை போய்த் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். "காலுக்குக் கீய நெருப்பா கீது? வந்து துன்னுங்க" என்று டோரதி கத்துவாள். கல்யாணமாகி இருபது வருஷம் அவள் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தாள்.

அந்தக் கால்களை அவருக்குக் கொடுத்தவர் தாத்தா என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். தாத்தா நார்வே தேசத்து மாலுமி. சென்னைக்குத் துறைமுகமே இல்லாத நாளில், கடலில் நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து அலையைத் தாண்டிவரும் மசுலாப் படகில் கரைக்கு வந்தவர், அப்படியே ராயபுரத்தில் தங்கிவிட்டார். படகுக்காரர் ஒருவரின் மகளைக் கட்டினார். ஆறு பிள்ளைகள். அதில் மூத்தவர் கஸ்பார். கஸ்பாரின் ஒரே மகன் வால்டர். தாத்தா செத்தபோது வால்டருக்கு ஒரு வயது. மிஞ்சியது ஓல்சன் என்ற பெயரும் சாம்பல் நிறக் கண்ணும்தான். மற்றபடி ஆள் நம்மூர்க் கறுப்பு.

1951 வரை தாத்தாவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்த வருஷம் டோரதியின் அண்ணன் ஆஸ்திரேலியாவுக்கு மனுப் போட்டார். அவருடைய தாத்தா இங்கிலாந்துக்காரர் என்பதற்குக் காகிதம் இருந்தது. சுலபமாக அனுமதி கிடைத்தது. டோரதியும் வரலாம், ஆனால் வால்டர் தன் பங்குக்குத் தன் தாத்தா ஐரோப்பாவில் பிறந்தவர் என்று காட்டவேண்டும். பிறப்புச் சான்று, அதுவும் அந்த நாட்டிலிருந்து. டோரதிக்குப் பிள்ளை இல்லை, அப்பா அம்மா இல்லை. உலகத்தில் அந்த அண்ணன் ஒருவர்தான்.

வால்டரின் அம்மா சிலுவையம்மாள் மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "நீங்க போங்க. நா வரமாட்டேன். கஸ்பார் கல்லற பக்கத்துல எடம் பாத்து வெச்சிகிறேன்."

"அப்போ உன்ன யாரு பாத்துக்குவா?" என்றார் வால்டர்.

"கோயிலாண்ட உட்டுட்டுப் போ. மணி அடிக்கற சத்தம் கேட்டுகினு கெடப்பேன்."

வால்டர் மாதா கோயிலுக்குப் போய்த் தாத்தாவின் கல்யாணப் பதிவைப் பிரதி எடுத்து வாங்கினார். சாமியார் லத்தீனைப் படித்துச் சொன்னார்: 'யோஹான், ஓலேயின் மகன், ஸ்கார்விக், மாலுமி. 1878.' வால்டருக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. துறைமுகத்துக்காரர் யாருக்குமே வந்திருக்காது. மாலுமி என்றால் பெயருக்குப் பின்னால் கப்பலின் பெயரை எழுதுவார்கள். அனுமதிச் சீட்டில் எழுதுவார்கள், ஆஸ்பத்திரிக் கட்டில் தலைமாட்டில் எழுதுவார்கள், கரையில் செத்தால் கல்லறையிலும் எழுதுவார்கள். ஆகவே தாத்தா வந்த கப்பல் ஸ்கார்விக். கப்பல் கிடைத்தால் அதன் ஆள்பட்டியல் கிடைக்கும். பட்டியல் கிடைத்தால் ஊர் கிடைக்கும்.

இரண்டு வருஷம் அந்தக் கப்பலைத் தேடினார். பழைய கப்பல் பட்டியல்களைப் புரட்டினார். கப்பல் கம்பெனிகளுக்கு எழுதினார். நார்வேக் கொடியோடு எது உள்ளே வந்தாலும் தன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு அதன் கீழே போய் நின்றார். மேலே தெரியும் தலையைப் பார்த்து, "ஸ்கார்விக் என்று ஒரு கப்பல் உண்டா?" என்று இங்கிலீஷில் கத்துவார். தலைகள் இல்லையென்று ஆடும்.

மூட்டைகளைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டும் கோதண்டம் மேலிருந்தபடியே கேட்பார்: "இன்னா மாமு, உன் தாத்தா கப்பலு இன்னிக்காவது வந்துச்சா? எழுவத்தஞ்சு வருசமா லேட்டு. கேப்டன் மேல கேஸு போடு."

"வாய மூடிகினு விஞ்ச பாரு. சாக்கு கிழியப் போவுது."

"கிழிஞ்சா நீ எண்ண வேணாம்ல. ஃப்ரீயா தாத்தாவ தேடலாம்."

1953 பிப்ரவரியில் டோரதியின் அண்ணன் குடும்பம் கப்பல் ஏறியது. பின்னாலேயே வந்துவிடுகிறோம் என்று டோரதி சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து வீட்டில் புதுப் பாத்திரம் வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

ஜூன் மாதம் காகிதச் சுருள் ஏற்றிவந்த ஒரு நார்வேக் கப்பலின் அதிகாரி, இரண்டாவது மேட், கீழே இறங்கிவந்து, வால்டர் நீட்டிய பிரதியை நிதானமாகப் படித்தார். வயதானவர், காது மடலெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. படித்துவிட்டுச் சிரித்தார். இது கப்பல் இல்லை, என்றார். பண்ணை. தங்கள் நாட்டில் அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஓலேயின் மகன் என்பதால் ஓல்சன். அவனுக்கு மகன் பிறந்தால் அந்த மகன் ஓல்சன் இல்லை, யோஹானின் மகன். கடைசியில் வருவது எந்தப் பண்ணையில் குடியிருக்கிறான் என்பது. வேறு பண்ணைக்குப் போனால் அதுவும் மாறிவிடும்.

கோதண்டம் இறங்கிவந்து எட்டிப்பார்த்தார். "இன்னா சொல்றாரு?"

வால்டர் சொன்னார்.

"அப்போ ஓல்சன்றது உங்க முப்பாட்டன் பேரா? நாங்க இனிஷியல் போட்டுக்கிறத நீங்க டைட்டில்னு மாட்டிகினு, இத்தினி வருசமா தொரை மாதிரி சுத்திகினு இருந்தீங்களா?" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு சட்டென்று, "ஆனா பண்ணைன்றாரே மாமு. உனுக்கு நெலம் கீதுபா!" என்றார்.

மேட் அந்தப் பண்ணை எந்தத் திருச்சபைக்குள் வரும் என்பதைக் கப்பலின் வரைபடத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். வால்டர் அன்றைக்கே அங்குள்ள பாதிரியாருக்குக் கடிதம் போட்டார். துறைமுகம் முழுக்க அவருக்கு ஜமீன்தார் என்று பெயர் வந்துவிட்டது. டோரதி பக்கத்து வீட்டில், "நூறு மாடாவது இருக்கும்" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது.

பதில் செப்டம்பரில் வந்தது. டைப் அடித்த ஒரே தாள், நல்ல இங்கிலீஷ். யோஹான், ஓலேயின் மகன், 1853-இல் ஸ்கார்விக் பண்ணையில் பிறந்தவன்; ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது. ஆனால் ஓலே பண்ணைக்குச் சொந்தக்காரர் அல்ல. பண்ணையின் கடலோரத் துண்டில் குடிசை போட்டுக்கொள்ள விட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாகப் பண்ணையில் உழைக்கவேண்டும். குளிர்காலத்தில் மீன் பிடிக்கப் போவார். குடிசை இருந்த இடத்தில் இப்போது உருளைக்கிழங்கு போடுகிறார்கள். பதிவுப் புத்தகத்தின் அதே பக்கத்தில் இன்னொரு வரி இருப்பதையும் தெரிவிக்கவேண்டியிருக்கிறது என்று பாதிரியார் எழுதியிருந்தார். 1876 நவம்பரில் சென்னைக்கு எதிரே அலையில் படகு கவிழ்ந்து யோஹான் மூழ்கினான் என்று கப்பலின் கேப்டன் தகவல் அனுப்பியிருக்கிறார். தாய் மாரித் கேட்டுக்கொண்டபடி கோயில் மணி அடிக்கப்பட்டது. அவள் 1899 வரை உயிரோடு இருந்தாள்.

வால்டர் தாளை மேசைமேல் வைத்தார். எழுந்தார். வாசலுக்குப் போனார். வந்து மறுபடி படித்தார். படகு கவிழ்ந்தது அவருக்குத் தெரிந்த கதைதான். படகுக்காரர்கள் தாத்தாவைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்ததை அப்பா சொல்லியிருக்கிறார். அதன்பிறகு தாத்தா முப்பத்திரண்டு வருஷம் இதே தெருக்களில் நடந்தார். அத்தனை வருஷத்தில் ஒரு வரி எழுதிப் போடவில்லை. கப்பலை விட்டு ஓடியவன் என்று பிடித்துவிடுவார்கள் என்ற பயம் முதல் இரண்டு வருஷம் இருந்திருக்கலாம். மீதி முப்பது வருஷம்?

"பொறந்ததுக்குக் காயிதம் வந்துடுச்சில்ல?" என்றாள் டோரதி. "அத்த குடுங்க, போதும்."

"செத்ததும் அதுலயே கீது."

"அந்த வரிய மடிச்சி வெச்சி போட்டோ புடிச்சிக் குடுங்க."

அவர் மடிக்கவில்லை. தாத்தாவின் 1908-ஆம் வருஷத்து அடக்கப் பதிவையும் சேர்த்து, தாளை முழுசாகவே கொடுத்தார். மூன்று வாரம் கழித்துக் குடியேற்ற அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். உங்கள் தகப்பனார் பிறந்தது 1879, அவருடைய தகப்பனார் இறந்தது 1876, இதில் எதை நாங்கள் நம்புவது என்று அதிகாரி மரியாதையாகவே கேட்டார். நார்வேப் பதிவு திருத்தப்பட்டு வந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார். வெளியே வந்த வால்டர் பஸ்ஸில் ஏறவில்லை. பாரிமுனையிலிருந்து ராயபுரம்வரை நடந்தார்.

டோரதி பதினோரு நாள் மாமியாரை விட்டே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பன்னிரண்டாம் நாள், "திருத்தச் சொல்லி எழுதினீங்களா?" என்றாள். எழுதியிருந்தார். அடக்கப் பதிவின் பிரதியோடு, அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே அனுப்பியிருந்தார். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு தம்ளர் டீயைக் கொண்டுவந்து சத்தமாக வைத்தாள்.

இதற்கிடையில் கோதண்டத்துக்கு விஷயம் தெரிந்தது. "பண்ணையாளு புள்ளையா? குடிசை, மீனு, கடலோரம்..." என்று யோசித்தார். "அப்போ எட்டாயிரம் மைலு வந்து அதே எடத்துக்குத்தான் வந்து சேர்ந்தாரு. இத்தினி பேஜாரு எதுக்கு அந்தாளுக்கு?"

டிசம்பர் முதல் வாரம் இரண்டாவது பதில் வந்தது. பாதிரியாரின் எழுத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அந்த மரண வரியின் கீழே திருத்தம் எழுதத் தயாராக இருப்பதாகச் சொல்லியிருந்தார்; எழுதியதும் புதுப் பிரதி அனுப்புவார். ஒன்றுதான் குறை. எங்கள் புத்தகத்தில் எந்த ஆளையும் பண்ணை இல்லாமல் எழுதுவதில்லை, உங்கள் தாத்தா சாகும்போது எந்தப் பண்ணையில் இருந்தார் என்று தெரிவியுங்கள், என்று கேட்டிருந்தார்.

வால்டர் எழுந்திருக்காமல் பேனாவை எடுத்ததை டோரதி பார்த்தாள். பின்னால் வந்து நின்றாள். 'பனைமரத்தொட்டி, ராயபுரம்' என்று தாத்தா குடியிருந்த இடத்தை எழுதினார். அடுத்த வரியில், புதுப் பிரதி அனுப்பவேண்டாம், புத்தகத்தில் திருத்தினால் போதும் என்று எழுதினார்.

"இன்னா எழுதறீங்க?" அவள் குரல் தாழ்ந்திருந்தது.

உள்ளறையில் சிலுவையம்மாள் ஜெபமாலையை முடித்துவிட்டு இருமிக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா, மாரித்து, இருவத்தி மூணு வருசம் புள்ள செத்துட்டான்னு நெனச்சிகினு இருந்துகீது" என்றார் வால்டர். "இங்க ஒரு அம்மா கீது. உட்டுட்டுப் போய் நான் இன்னா, மாசம் ஒரு லெட்டர் போடுவேனா? எங்க ரத்தத்த எனக்குத் தெரியும். போட மாட்டேன்."

"உங்கம்மாவுக்கு நீங்க கீறீங்க. எனக்கு?"

அவர் எழுந்து வாசலுக்குப் போகவில்லை, நாற்காலியிலேயே இருந்தார். டோரதி கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்தாள். மடித்து உறையில் போட்டு நாக்கால் நனைத்து ஒட்டினாள். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணனுக்கு நீங்களே எழுதுங்க" என்றாள். "நா எழுத மாட்டேன். வரலன்னு என் கையால எழுத மாட்டேன்."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். வால்டர் இன்னொரு தாளை எடுத்து மேலே தேதி போட்டார். மச்சானுக்கு என்று எழுதினார். அதற்குக் கீழே எதுவும் ஓடவில்லை.