மதலேனா தேடிக் கொடுத்த பூஜ்யம்

மதலேனாவுக்கு என்ன வேலை என்று அவள் கணவன் சூசைநாதனுக்கே முழுதாகப் புரிந்ததில்லை. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த அவன், யாராவது கேட்டால், “லைப்ரரியில போன் பண்ற வேலை” என்று சொல்லி முடித்துவிடுவான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பஃபலோ ரோட்டில் பிறந்து, தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவள் அவள். படிப்பு முடிந்ததும் ஓர் உயர்கல்வி நிலையத்தின் நூலகத்தில் சேர்ந்தாள். பத்து வருடம் புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டினாள். 1982இல் அந்த நூலகத்துக்கு ஒரு டெர்மினல் வந்தது. தட்டச்சு இயந்திரம் போல ஒரு விசைப்பலகை, பக்கத்தில் தொலைபேசியின் கைப்பிடியைப் பொருத்த இரண்டு ரப்பர் கிண்ணங்கள். எண்ணைச் சுழற்றி, கீச்சென்ற சத்தம் வந்ததும் கைப்பிடியைக் கிண்ணத்தில் அழுத்தினால், அமெரிக்காவில் எங்கோ இருக்கும் கணினி பதில் சொல்லும். பதில் வழுவழுப்பான தாளில் நெளிந்து நெளிந்து வெளியே வரும். மற்றவர்கள் கை வைக்கப் பயந்த அந்தச் சாமானை மதலேனாவின் தலையில் கட்டினார்கள். அவளோ அதை ஒரே மாதத்தில் தன் சொத்து மாதிரி ஆக்கிக்கொண்டாள். அந்தச் சிறிய அறையின் சாவி கைப்பைக்குள் போன நாளிலிருந்து அவள் நடையே கொஞ்சம் மாறிவிட்டது என்று சக ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவளிடம் அதிகம் வந்தவர்கள் வானிலைக்காரர்கள். காற்று, மழை, மேகம் பற்றி உலகத்தில் எங்கே கட்டுரை வந்தாலும் அதன் சுருக்கம் ஒரே தரவுத்தளத்தில் கிடைத்தது. ஆனால் இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கட்டணம் ஏறும். அதனால் ஆளை எதிரே உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்டு, எந்தச் சொல்லோடு எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று தாளில் முடிவு செய்த பிறகுதான் அவள் தொலைபேசியைத் தொடுவாள். தேடி முடித்ததும் தாளைக் கிழித்து, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுப்பாள். முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறவர்கள் அந்தத் தாளை ஆய்வேட்டின் பின்னிணைப்பாக வைத்து பைண்டு பண்ணிவிடுவார்கள். ஏற்கெனவே யார் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

இந்தத் தேடல் வேலைக்குப் புதிதில் ஒரு பேராசிரியருக்கு அவள் எடுத்துக் கொடுத்ததில் பாதி ரஷ்ய மொழிக் கட்டுரைகள். அவர் தாளை மேசையில் போட்டு, நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்றார். மதலேனாவுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து எல்லாத் தேடலிலும், யாரையும் கேட்காமல், ஆங்கிலம் மட்டும் என்ற கட்டளையைக் கடைசி வரியில் சேர்த்தாள். கறிக்கு உப்புப் போடுகிற மாதிரி கை தானாகப் போட்டது. மற்ற நூலகங்களில் முந்நூறு கட்டுரை வந்து விழும், மதலேனாவிடம் போனால் பன்னிரண்டு வரும், பன்னிரண்டும் படிக்கத் தோதாக இருக்கும் என்று பெயர் வாங்கினாள். அந்தப் பெயர் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மருதப்பன் வந்தது 1983இல். பகலில் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்துவிட்டு மாலையில் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். விடியற்காலையில் சுமத்திரா பக்கமிருந்து சடாரென்று பாய்ந்துவரும் காற்றுமழை எங்கே, எப்படிப் பிறக்கிறது என்பது அவருடைய கேள்வி. மலாக்கா நீரிணையின் நடுவிலேயே பிறக்கிறது என்பது அவர் எண்ணம். இதை முன்பே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

மதலேனா தேடினாள். பூஜ்யம் வந்தது. சொற்களை மாற்றிப் போட்டாள், திரும்பவும் பூஜ்யம். மருதப்பனின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. முதல் ஆள் தான்தான் என்பதைவிட ஓர் ஆராய்ச்சியாளருக்கு வேறு என்ன நல்ல செய்தி வேண்டும்? மறுநாள் சிராங்கூன் ரோட்டிலிருந்து ஒரு பெட்டி லட்டு வந்தது. ஒன்றும் கிடைக்காததற்கு லட்டு வாங்கியவள் இந்த ஊரிலேயே தான் ஒருத்திதான் என்று சொல்லிச் சொல்லி மதலேனா அதை எல்லாருக்கும் கொடுத்தாள்.

அடுத்த வருடம் விமான நிலையத்து வானிலைப் பிரிவிலிருந்து பெர்னார்ட் என்பவர் வந்தார். அவருக்கும் ஏறக்குறைய அதே காற்றுமழைதான் வேண்டியிருந்தது. மதலேனா வழக்கம்போல எழுதிக்கொண்டே போய்க் கடைசி வரிக்கு வந்தபோது, ஆங்கிலம் மட்டும் எதற்கு என்று அவர் தடுத்தார். எந்த மொழியாக இருந்தாலும் பரவாயில்லை, வரைபடத்தைப் பார்த்தாலே தனக்குப் புரிந்துவிடும் என்றார். சரியென்று அந்த வரியை அடித்துவிட்டுத் தேடினாள்.

தாளில் ஒரு ஜப்பானியக் கட்டுரை இறங்கியது. 1976ஆம் வருடத்தது. கப்பலில் ரேடார் வைத்துப் பார்த்து எழுதியது. சுருக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. காற்றுமழை நீரிணையின் நடுவில் பிறக்கிறது என்று அதில் பச்சையாகச் சொல்லியிருந்தது.

போன வருடம் மருதப்பனுக்குப் பூஜ்யம் வந்தது அந்தக் கடைசி வரியால்தான். பெர்னார்ட் நன்றி சொல்லிப் போன பிறகும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மருதப்பன் இன்னும் சில வாரங்களில் ஆய்வேட்டைக் கொடுக்கப் போகிறார். தன் கையெழுத்தோடு ஒரு பொய் அதில் உட்காரப் போகிறது. வெளியே சொன்னால் அந்த அறை போய்விடும். வாழ்க்கையில் அவளுக்கென்று வாய்த்த ஒரே கெட்டிக்காரத்தனம் அந்த அறைக்குள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோடு தேவாலயத்தில் பூசை முடிந்து, கணவனோடு தேக்கா மார்க்கெட்டுக்குப் போனாள். மருதப்பன் அங்கே ஆட்டிறைச்சிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சூசைநாதனை மீன் வாங்க அனுப்பிவிட்டு, அவரை ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தவறு முழுக்கத் தன்னுடையது என்றாள். அவர் திடுக்கிடுவார், திட்டுவார் என்று அதற்கும் தயாராகத்தான் போயிருந்தாள்.

மருதப்பன் திடுக்கிடவில்லை. அந்த ஜப்பானியரைப் போன வருடம் பாங்காக் மாநாட்டில் சந்தித்திருக்கிறார். கட்டுரையின் பிரதி அவர் வீட்டிலேயே இருந்தது. நூலகத்தில் எப்போதும் மேடம் என்று கூப்பிடுகிறவர், இறைச்சிக் கடையில் அக்கா என்று ஆரம்பித்தார்.

“அக்கா, உங்க பேப்பர்ல ஒண்ணுமில்லன்னு இருக்குல்ல, அது போதும் லா. யாரும் கேக்க மாட்டாங்க.”

“அது தப்பு சார்.”

“உங்களுக்கும் ப்ராப்ளம், எனக்கும் ப்ராப்ளம். நான் உள்ள அந்த ஜப்பான்காரரைப் பத்தி ஒரு லைன் சேர்த்துடறேன். நீங்க பேசாம இருங்க.”

மதலேனா பேசாமல் இருந்தாள். நம்பினாள் என்று சொல்வதைவிட, நம்புவது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது என்று சொல்வது சரி. அன்று மீன் குழம்பு நன்றாக இருந்ததாகச் சூசைநாதனிடம் இரண்டு தடவை சொன்னாள்.

1985இல் பட்டம் பெற்ற ஆய்வேடுகள் நூலகத்துக்கு வந்தன. மருதப்பனுடையது கருநீல அட்டையில், தங்க எழுத்தில் இருந்தது. மதலேனா அறையைப் பூட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அந்த ஒரு வரி எங்கும் இல்லை. இந்தக் கருத்தைச் சொல்லும் முதல் ஆய்வு இதுவே என்று முன்னுரையிலேயே இருந்தது. பின்னிணைப்பில் அவளுடைய பூஜ்யம் இருந்தது, அவளுடைய கையெழுத்து இருந்தது. அவளுக்கு வந்தது கோபம், வெறும் கோபம். அதில் பாதி தன்மேல்.

தலைமை நூலகர் நஃபீசா நிதானமான பெண்மணி. முழுவதையும் கேட்டுவிட்டு, இதை ஏன் இப்போது கிளறுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். மருதப்பன் கட்டுரையைப் படித்தார் என்பதற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டார். மார்க்கெட்டில் பேசிய பேச்சுக்கு ஏது அத்தாட்சி? ஆய்வேடு எழுதியவருடைய சொத்து, அதில் நூலகம் கைவைக்க முடியாது என்றார். ஆனால் பின்னிணைப்பில் இருந்த தேடல் நூலகத்தினுடையது. அதில் பிழை இருந்தால் திருத்தச் சீட்டு ஒட்டலாம். நூலகத்தின் பெயரில் பொதுவாக ஒட்டிவிடலாம் என்று நஃபீசா சொன்னதற்கு மதலேனா ஒப்பவில்லை.

“என் பேரைப் போடுங்க மேடம். கையெழுத்து என்னோடது.”

“போட்டா அந்த ரூம்ல உங்களை வெச்சிருக்க முடியாது, தெரியும்ல?”

தெரியும் என்றாள். நான்கு வரியில் தானே தட்டச்சு செய்து, தானே பசை தடவி ஒட்டினாள். அந்த வாரமே அறைச் சாவி வேறொருவர் கைக்குப் போயிற்று. புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் அவளை உட்காரவைத்தார்கள். முதல் நாள் கழிவறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் அழவில்லை.

சில மாதம் கழித்து மருதப்பன் கவுண்டருக்கு வந்தார். முனைவர் ஆனதில் கொஞ்சம் சதை போட்டிருந்தார். தேடலில் நடந்த தவறுக்கு நூலக ஊழியரே பொறுப்பேற்றுக்கொண்டார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தி நன்றி சொன்னார்.

“பெரிய மனசு உங்களுக்கு. என்னைக் காப்பாத்திட்டீங்க அக்கா.”

மதலேனா ஒரு மாணவியின் புத்தகத்தில் தேதி முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“சீட்டைப் படிச்சீங்களா சார்?”

இல்லை என்றார். தன்னிடமிருந்த பிரதியில் சீட்டு ஏது?

“முதல் ரெண்டு வரி என் தப்பு. அடுத்த ரெண்டு வரியில ஜப்பான்காரர் பேரு, வருஷம், எந்த சஞ்சிகை, எந்தப் பக்கம், எல்லாம் போட்டிருக்கேன். அவரு என்ன கண்டுபிடிச்சாருன்னும் போட்டிருக்கேன். இனிமே உங்க ஆய்வேட்டை எடுக்கிறவங்க ரெண்டையும் சேர்த்துத்தான் படிப்பாங்க.”

குனிந்திருந்த மருதப்பன் நிமிர்ந்தார். ஆய்வேடுகள் எந்த மாடியில் இருக்கின்றன என்று கேட்டார். மூன்றாவது மாடி, ஆனால் வெளியே எடுத்துப் போக முடியாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்று மதலேனா சொன்னாள்.