கரும்புள்ளிக்கு முன்னால் பத்து நிமிடம்

1. பகல் இடைவேளையில் அவள் சுவரில் இருந்த கரும்புள்ளியைப் பார்த்து உட்கார்ந்தாள்.
2. ஆறாவது நிமிடத்தில் வாட்ச்மேன் வந்தார். அவளுடைய அப்பாவின் கட்டுமரம் கவிழ்ந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறார், மகளைக் கேட்கிறார் என்று என்னை அறைக்கு வெளியே அழைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.
3. நான் அதை அவள் காதருகே ஒரு முறை சொன்னேன்.
4. அவள் அசையவில்லை.
5. நான்கு நிமிடம் கழித்து அவளாகவே எழுந்தாள்.
6. நாங்கள் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்புதான் அவர் இறந்திருந்தார்.

நான்காவது ஏன் நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

தண்டையார்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் வரைபட அறையில் நாங்கள் இருவர் மட்டுமே பெண்கள். பென்சில் படங்களை, அடியிலிருப்பது தெரியும் மெல்லிய டிரேசிங் துணியில் மையால் படியெடுப்பது வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். நடுவில் மனம் விலகினால் கோடும் விலகும். என்னுடையது ராயபுரத்தில் மொத்தக் கடை வைத்திருக்கும் தெற்கத்திக் குடும்பம். அவள் கடற்கரைக் குப்பத்திலிருந்து படித்து வந்தவள்.

மனத்தை ஒரே இடத்தில் நிறுத்தினால் உள்ளே ஒரு தெளிவு வரும் என்று படித்திருந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது. சுவரில் மையால் புள்ளி வைத்தது நான்தான். வெறுமனே உட்கார்ந்தால் போதாது, சோதனை வேண்டும் என்று சொன்னவள் அவள். ஒருத்தி பத்து நிமிடம் புள்ளியைப் பார்க்க வேண்டும். மற்றவள் பக்கத்தில் நின்று, எது அதிகம் வலிக்குமோ அதைச் சொல்ல வேண்டும். விதிகள் இரண்டு. தொடக் கூடாது. கடலைப் பற்றிப் பேசக் கூடாது. இரண்டாவது அவள் கேட்டுக்கொண்டது.

"உன்ன பொண்ணு பாக்க வந்தவன் பஜ்ஜிய மட்டும் துண்ணுட்டுப் போய்ட்டானாமே. பஜ்ஜி சூப்பரா கீதுன்னு சொல்லி அனுப்சானாம்" என்பாள். நான் மூன்றாவது நிமிடமே திரும்பி முறைப்பேன். "தோத்துட்ட. எந்திரி."

சொல்லும் முறை எனக்கு வந்தால் நானும் விடுவதில்லை. "ஏட்டி, உன் கை பட்ட துணியில மீன் வாடை அடிக்குதாம். மேஜைய மாத்தணும்னு எழுதிக் குடுத்திருக்காவ." இமைகூட அசையாது. அவள் ஒரு நாளும் தோற்கவில்லை.

"உள்ள எப்படி இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அந்தப் பத்து நிமிசம் நான்னு யாருமே இல்ல. நல்லாத்தான் கீது."

தேடியது நான். கிடைத்தது அவளுக்கு. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மறுநாள் கடல் பேச்சை எடுத்தேன். "உங்க அப்பா கட்டுமரம் கவுந்திட்டு. கரையில கொண்டாந்து போட்டிருக்காவ. ஓடு." அவள் கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. அவ்வளவுதான். பத்து நிமிடம் முடிந்ததும் எழுந்து முகம் கழுவிக்கொண்டாள்.

"அதையும் சொல்லிட்ட இல்ல?" என்றாள். கோபம் இல்லை. "நேத்து வரிக்கும் அந்த ஒண்ணுக்குத்தான் பயந்துகினு இருந்தேன். இப்ப அதுவும் போச்சு."

அதற்கு மறுநாள்தான் வாட்ச்மேன் வந்தார். நான் அவள் காதருகே குனிந்து, வழக்கமான குரலில், வந்த செய்தியைச் சொன்னேன். அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. நேற்றைய பொய்யையே திருப்பிச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

தோளைத் தொட்டிருந்தால் போதும். தொடுவதில்லை என்பது நாங்கள் ஒரு நாளும் மீறாத விதி. மீறினால் நிஜம் என்று உடனே புரிந்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. நிஜம் வந்து நிற்கும்போதும் இவள் இப்படியே இருப்பாளா என்று பார்க்க நினைத்தேன். அவள் இமையைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. தெருவில் போன லாரிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அத்தனை மாதம் முயன்று கிடைக்காத நிலை அந்த நான்கு நிமிடமும் எனக்குக் கிடைத்தது.

எழுந்தவளிடம் "நிஜம்தான்" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். ரிக்‌ஷா பிடித்தோம்.

ஆஸ்பத்திரி வார்டில் இருந்த ஆயா சொன்னாள்: "இப்பத்தாம்மா. பொண்ணு வந்துச்சா, பொண்ணு வந்துச்சான்னு கேட்டுகினே இருந்தாரு."

காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று அவள் கேட்டாள்.

"வாட்ச்மேன் வந்தப்ப எத்தினி நிமிசம் பாக்கி?"

"நாலு."

"சொன்ன. தொடல."

"தொடல."

மைப்புட்டியைத் திறந்து வேலையைத் தொடங்கினாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் அளவுகளைப் பற்றி மட்டும் பேசுகிறாள். இடைவேளையில் வெளியே போய்ச் சாப்பிடுகிறாள். நான் தனியாகப் புள்ளியின் முன் உட்காருகிறேன். பத்து நிமிடமும் மனம் அசையாமல் நிற்கிறது. அவள் போடும் கோடு நடுவில் விலகுகிறது. நீளமான கோடுகளை இப்போது என்னிடம்தான் கொடுக்கிறார்கள்.