டிரம்மில் வைத்த பொட்டு

அந்த நீல டிரம் எங்கள் வீட்டுக்கு ஆயுத பூஜையன்று வந்தது. ஓசூரில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியில் பூஜை முடிந்ததும் பொரியோடு ஆளுக்கொரு காலி டிரம்மும் கொடுத்தார்கள். அதன் மேல் ஒரு மண்டை ஓடும், கீழே ஆங்கிலத்தில் எச்சரிக்கையும் இருந்தன. எனக்குப் படிக்கத் தெரியும், படித்தேன். பிறகு, வீட்டுக்குப் புதுப் பொருள் வந்தால் செய்கிறபடி சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தேன். மண்டை ஓட்டின் மேலேயே வைத்தேன்.

நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் லைன் வீடுகள் எங்களுடையவை. எல்லா வாசலிலும் தண்ணீர் பிடித்துவைக்க அதே டிரம்.

மழைக்காலம் முடிவதற்குள் என் இரண்டு வயது மகளின் தொடையில் கொப்புளங்கள் கிளம்பின. சோப்பா, கொசுவா, என் கவனக்குறைவா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது நகராட்சி ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். ரசாயன டிரம்மில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, உடனே ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். அதிகாரி மூக்கைக் கைக்குட்டையால் மூடியபடி ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

குழாயடியில் நான்தான் அதை வாசித்துக் காட்டினேன்.

“அப்ப தண்ணிய எதுல புடிக்கறது? அந்த நோட்டீஸுலயா?” என்றாள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

“என் புள்ள காலப் பாருங்கக்கா. அப்புறம் சிரிங்க.”

சிரிப்பு நின்றது. என் டிரம்மை முதலில் உருட்டிக்கொண்டு போனேன்.

“உனக்காகத்தான் குடுக்கறேன், அவனுங்களுக்காக இல்ல” என்று அக்கா பின்னாலேயே உருட்டி வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள்.

இரண்டு வாரம் குடங்களோடு அல்லாடினோம். கொப்புளம் வற்றியது போலிருந்தது. டிரம் போனதாலா, ஆஸ்பத்திரிக் களிம்பாலா, தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் மகளின் பிறப்புச் சான்றிதழுக்காக அக்காவோடு அதே ஆபீஸுக்குப் போனேன். வராந்தாவில் குடிதண்ணீருக்கு ஒரு நீல டிரம், சங்கிலியில் கட்டிய டம்ளர். டிரம்மில் வெளிறிய சிவப்பு வட்டம். அதற்குக் கீழே மண்டை ஓட்டின் பற்கள். என் பொட்டுதான்.

“சார், இது நாங்க குடுத்த டிரம்முங்க.”

குமாஸ்தா டம்ளரை வாயில் கவிழ்த்து முடித்தார். “நாங்க நல்லா கழுவிட்டோம்மா. ஒங்களுக்கெல்லாம் கழுவத் தெரியாதுன்னுதானே நோட்டீஸே போட்டது?”

அதிகாரி வீட்டுத் தோட்டத்துக்கும் இரண்டு போயிருக்கிறதாம். அதையும் குமாஸ்தாவே பெருமையாகச் சொன்னார்.

“கேட்டியாம்மா, படிச்சவளே?” என்றாள் அக்கா. “அவுங்க கழுவுனா தண்ணி. நாம கழுவுனா வெசம்.”

திரும்பி வந்ததும் குழாயடியில் எல்லோரிடமும் இதைச் சொன்னாள்.

மாலைக்குள் பெண்கள் கூட்டமாகப் போய் டிரம்களை உருட்டி வந்துவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. என்னுடையதை அக்காவே கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். அன்பாகத்தான். ஆனாலும் நோட்டீஸில் இருந்தது உண்மை என்று அவளிடம் இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

மறுநாள் தண்ணீர் வந்தது. துவைக்க மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டிரம்மை நிரப்பினேன். மூன்றாம் நாள் குடங்கள் காலி. குழந்தையை அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தபோது மகளுக்குப் பேச்சு தெளிந்திருந்தது. தொடையில் பழைய தழும்பின் மேல் புதுக் கொப்புளம். நான் டிரம்மைத் துடைக்கத் துடைக்க, பளிச்சென்று தெரிந்த மண்டை ஓட்டைக் காட்டி, “அம்மா, பூச்சாண்டி” என்று என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

குங்குமச் சிமிழைத் திறந்து, அதன் மேல் முன்னைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன்.