‘சரிங்க’வுக்குப் பிறகு

அன்று மில் ஆபீசில் இருந்தவர்கள்: முதலாளி. அவர் மருமகன் சம்பத், அவர்தான் மேனேஜர். எண்ணெய் பிழியும் மிஷினான எக்ஸ்பெல்லரை ஓட்டும் ஏழுமலை. மேஸ்திரியான நான். மெட்ராசிலிருந்து வந்த கோதண்டபாணி சார். அவ்வளவுதான்.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் கடலை எண்ணெய் மில். எழுபதுகளின் கடைசி. எக்ஸ்பெல்லர் வாயில் கடலை அடைத்துக்கொள்ளும். உள்ளே திருகு சுற்றும். முந்தின சீசனில் ஒருத்தன் கை அதில் போய்விட்டது.

முதலாளி சாரிடம் சொன்னார். “இன்னொரு கை போச்சுன்னா மில்லை இழுத்து மூடிடுவேன். மாப்பிள்ளைக்கு ஆளுங்கள நடத்தத் தெரியல. நீங்கதான் பழக்கணும்.”

சார் பெரிய கம்பெனி ஒன்றில் அதிகாரிகளைப் பழக்கியவர். மில் விவரம் ஒன்றும் தெரியாது. புண்ணாக்கைக் காட்டி, “இத எப்படிங்க சாப்பிடுவாங்க?” என்றார். “மாட்டைக் கேக்கணும் சார்” என்றான் ஏழுமலை.

வாரம் ஒரு நாள் பஸ்ஸில் வருவார். மேனேஜர் எங்களோடு பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார்.

முதல் வாரம் மேனேஜர் சொன்னார். “டேய் ஏழுமலை, அடைச்சா மோட்டாரை நிறுத்திட்டுதான் கையை விடணும். சரியா?”

“சரிங்க.”

மேனேஜர் எழுந்தார். சார் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். யாரும் பேசவில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஏழுமலை தலையைச் சொறிந்தான்.

“நிறுத்தினா வேலை கெட்டுதுன்னு நீங்க திட்றீங்க. அதான் ஓடும்போதே விடறோம்.”

வெளியே வந்ததும் சார் மேனேஜரிடம் சொன்னார். “சரிங்கன்னா ஒத்துக்கிட்டான்னு நினைச்சீங்களா? நீங்க பேசினது போதும்னு சொல்றான். அவன் இன்னும் பேசவே ஆரம்பிக்கல.”

மேனேஜர் திட்டுவதை விட்டார். சரிங்க என்று கேட்டதும் எழாமல் இருக்கப் பழகினார். சார் பக்கத்தில் இருந்தால்தான் அதுவும் வரும். இரண்டு சீசன் ஒருத்தருக்கும் கீறல் இல்லை.

அப்புறம் சாருக்குப் பார்வை மங்கிவிட்டது. வரவில்லை. அடுத்து வந்தவர் வேலூர்ப் பக்கம் முப்பது வருஷம் மில் ஓட்டியவர். நமச்சிவாயம் சார். எல்லாம் தெரிந்தவர், தமாஷாகப் பேசுவார். எங்களுக்கு அவரைத்தான் ரொம்பப் பிடித்தது. நாம் வாயைத் திறக்கும் முன்னே பதில் வந்துவிடும்.

மேனேஜருக்கு அவர் சொல்லிக் கொடுத்தது: “பேசி முடிச்சதும் சரியான்னு கேளுங்க. சரின்னுட்டான்னா நோட்டுல எழுதிக்குங்க. முடிஞ்சது.”

கார்த்திகை தீபத்துக்கு மில் நாலு நாள் மூடியிருந்தது. திறந்தபோது மூட்டை குவிந்து கிடந்தது. மேனேஜர் கூப்பிட்டார்.

“மோட்டாரை நிறுத்தறத கம்மி பண்ணுங்க. அடைச்சா ஓடும்போதே கம்பியால குத்தி விடுங்க. கையை விடாதீங்க. சரியா?”

“கம்பி வந்துங்க, கொஞ்சம் குட்டை...” என்றான் ஏழுமலை.

நமச்சிவாயம் சார் விடவில்லை. “முப்பது வருஷம் இந்த மாதிரிக் கம்பியாலதான்யா குத்தினேன். குட்டைன்னா நீ நெட்டையா வளரு.”

எல்லாரும் சிரித்தோம். ஏழுமலையும் சிரித்தான்.

“சரிங்க” என்றான். நானும் சரிங்க என்றேன். மேனேஜர் எழுதிக்கொண்டு போனார்.

நமச்சிவாயம் சார் ஓட்டியது சின்ன மிஷின். எங்களுடையது பெரிசு. கம்பி அடி வரைக்கும் எட்டாது. அது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அடைத்தது. கம்பி எட்டவில்லை. ஏழுமலை கையை விட்டான். நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். அதற்குள் முடிந்துவிட்டது. வேட்டியைக் கிழித்துச் சுற்றி, வந்த லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் மேனேஜர் நோட்டோடு நின்றார். “எல்லாரும் சரின்னுதானே சொன்னீங்க, மேஸ்திரி?”

“சொன்னோங்க.”

முதலாளி சொன்னபடி மில்லை மூடினார்.

மேனேஜர் இரண்டு காலத்திலும் அதே ஆள்தான். பழக்கியவர்தான் வேறு. உங்கள் ஆபீசுக்கு அப்படிப் பழக்க யாராவது வந்தால், விவரம் தெரிந்தவரா, நன்றாகப் பேசுகிறாரா என்று மட்டும் பார்க்காதீர்கள். எதிரில் இருப்பவன் சரிங்க என்ற பிறகு சும்மா உட்கார அவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். நீங்கள் மேஸ்திரியாக இருந்தால், கம்பி எட்டாது என்று சொல்லிவிடுங்கள்.

ஏழுமலைக்கு வலது கையில் போனது நாலு விரல்.