ஒரே அச்சில் அடித்த காசு

பெரியகல்லாற்றுத் தங்கராசாவுக்கு வெள்ளிக்காசுப் பைத்தியம் என்று ஊரே சொல்லும். நகைவேலை செய்து மிச்சம் பிடித்ததையெல்லாம் விக்டோரியா மகாராணி தலை போட்ட பழைய ரூபாய்களில் கொட்டினார். மற்றவர்களுக்கு ஒன்றுபோலத் தெரியும் காசுகளில் அவர் பூதக்கண்ணாடி வைத்து வேற்றுமை தேடுவார். ஒன்றில் ஒரு புள்ளி கூடியிருக்கும். இன்னொன்றில் ஓர் எழுத்து இரட்டித்து விழுந்திருக்கும். அவரிடம் இருந்ததில் அரியது, ராணியின் மூக்கிலிருந்து விளிம்புவரை மயிர்போல ஒரு கோடு ஓடிய காசு. அச்சு வெடித்திருந்ததால் விழுந்த கோடு. மகள் கம்சாயினி பெரியபிள்ளையானபோது அதில் வளையம் ஒட்டி அவள் கழுத்தில் போட்டுவிட்டார்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று மனைவி அன்னப்பூரணி போனாள், காசுப்பெட்டியும் போனது. பெட்டியை அவர் தேடவேயில்லை. இரண்டு வருடம் கழித்து, ரியூசன் வகுப்புக்குப் போன கம்சாயினியை, இயக்கத்துக்கு ஆள் சேர்க்க வாகனத்தில் வந்தவர்கள் பிடித்துப் போனார்கள். வன்னியில் இருக்கிறாள் என்று ஒருமுறை தகவல் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

யுத்தம் முடிந்த வருடக் கடைசியில், காத்தான்குடி வெள்ளிக்கடை முத்தலிப் ஆளனுப்பினார். வன்னியை ஒட்டிய வவுனியாப் பக்கமிருந்து உருக்க வந்த வெள்ளிக்குள் ஒரு காசு கிடந்ததாம். தங்கராசா கடைக்குப் போனதும் முத்தலிப் காசை நீட்டினார்.

"மூக்கில கோடு ஓடுது அண்ணன். மகள்ட காசுதானா எண்டு பாருங்க."

கோடு அதேதான். தங்கராசா காசைத் திருப்பி, விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இல்ல முத்தலிப். இது வேற காசு."

"கோடு ஒண்டுதானே?"

"அச்சு ஒண்டு. அந்த அச்சில எத்தனையோ காசு அடிச்சிருப்பாங்க. பிள்ளைட காசில நான் வளையம் ஒட்டினனான். கழட்டினாலும் தடம் நிக்கும். இதில நெருப்பே படல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப பிள்ளை எங்கயோ இருக்குது."

தங்கராசா காசை மேசையில் வைத்தார். மகளுடையதாக இருக்கக்கூடாது என்று பஸ்ஸில் வழியெல்லாம் அம்மாளை வேண்டிக்கொண்டு வந்தவர்தான். ஆனாலும் அவள் கழுத்தில் கிடந்த ஒன்று கைக்கு வந்துவிடும் என்று, தனக்கே தெரியாமல் ஆசைப்பட்டுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார்.

"இதையெண்டாலும் கொண்டு போங்க," என்றார் முத்தலிப்.

"வேணாம். வீட்டில கிடந்தா, மறுகா இதுதான் அவள்டது எண்டு நானே நம்பிருவன்."

கம்சாயினி வரவில்லை. சாகும்வரை தங்கராசா மாதம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போனார். உருக்க வந்த வெள்ளியைக் கிளறிப் பார்ப்பார். முத்தலிப் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார். குடித்துவிட்டு பஸ் ஏறுவார்.